கோதுமைக்கட்டின் வியாழன் சாப்பாடு

ஆஷ்பிரிட்ஜிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று இன்றும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களெல்லாம் முன்வாசல் வழியாகப் போய் மேசைவிரிப்பைப் பார்க்கிறவர்கள். நான் காலமெல்லாம் பின்வாசல் வழியாகப் போனவன். பிரெட்டல் கறிக்கடையின் வேனை ஓட்டினேன். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்கள் ஊர்ப் பாதிரியாருக்குத் தெரிந்த மாதிரி, எந்த அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்குத் தெரியும். கண்டதைச் சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது, சமைத்தவர்களின் முகத்துக்கு நேராகச் சொல்வதைத் தவிர.

நான் சொல்வது எழுபதுகளின் கதை. சாப்பிடப் போக்கிடம் அப்போது நிறைய இருந்தது. சர்ச்சுக்கு எதிரே லவ்ரிட்ஜ் சகோதரிகளின் தேநீர்க்கடை. சூடான ஸ்கோன் ரொட்டி, அதன் மேல் ஸ்பூன் நிற்கிற அளவுக்குக் கெட்டிப் பாலேடு. உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும், கொஞ்சம் உரக்கப் பேசினால் மூத்தவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள். பாலத்தடியில் ஸ்வான் ஓட்டல். அங்கே வக்கீல்களும் கல்யாணநாள் கொண்டாடுகிறவர்களும் போவார்கள். கண்ணாடிக் கோப்பையில் நாலு இறாலைப் போட்டு ரோஸ் நிறத்தில் எதையோ ஊற்றிக் கொடுப்பார்கள், அவர்களும் வெள்ளிக் கரண்டியால் அதைத் தேடித் தேடித் தின்பார்கள். நெடுஞ்சாலையில் ஸ்டான் நடத்திய லாரிக்காரர் கடை. கல்லில் பொரித்த ரொட்டி, முட்டை, என் வேனில் போன பன்றிக்கறி. குவளையில் தேநீர் கருங்கருவென்று இருக்கும். என்னைக் கேட்டால் அந்த மாவட்டத்திலேயே நல்ல காலைச் சாப்பாடு அங்கேதான். அப்புறம் சந்தைத் தெருக்கோடியில் மிஸ்டர் லாவ் திறந்த சீனக் கடை. ஊரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனதே தவிர, முதல் வருஷம் யாரும் உள்ளே காலை வைக்கவில்லை.

வியாழக்கிழமை மட்டும் இதெல்லாம் பேச்சுக்கே இல்லை. அன்றைக்குக் கால்நடைச் சந்தை. காலை ஏலம் முடிந்ததும் விவசாயிகள் பூட்ஸைத் தட்டிக்கொண்டு கோதுமைக்கட்டுக்கு வருவார்கள். அது சந்தைச் சதுக்கத்தில் இருந்த பழைய விடுதி. கீழே பீர்க்கூடம், பின்னால் நீளமான சாப்பாட்டு அறை, மாடியில் அதை நடத்திய டிரான்ட்டர் தம்பதியின் குடித்தனம். அந்த நீள அறையில் ஒரே மேசை. அவரவருக்கு அவரவர் நாற்காலி. அப்பன் செத்தால் மகன் அதில் உட்காருவான். தலைமாட்டில் ஏலக்காரர் ஜாஸ்பர் பியூ உட்கார்ந்து, வாட்டிய மாட்டு விலாவைத் தன் கையால் அரிந்து தட்டுகளை இரண்டு பக்கமும் அனுப்புவார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மூக்கு வைத்த பெரிய கிண்ணத்தில் கிரேவி, எல்லாம் கைமாறிக் கைமாறி வரும். வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் மீறியவனும் கிடையாது.

எனக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. சமையலறையிலிருந்து பாத்திரங்களை நீட்டுகிற சுவர் ஜன்னலுக்குப் பக்கத்தில், மேசையின் கடைசியில். கறி கொண்டுவருகிறவன் என்கிற மரியாதை.

சமையல் எனிட் டிரான்ட்டர். பீர்க்கூடம் அவர் கணவர் வில்ஃப். போர் முடிந்த கையோடு வந்து அந்த விடுதியைப் பீர் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்தவர்கள். எனிட் குள்ளமாக, கைகள் மட்டும் ஆண்பிள்ளைக் கைகளாக இருப்பார். வில்ஃப் நெட்டை. ஒரு கண்ணாடிக் கிளாஸைத் துடைக்க ஆரம்பித்தால் அது தேயும்வரை துடைப்பார். வில்ஃப் சமையலறைக்குள் போகமாட்டார், எனிட் பீர்க்கூடத்துக்குள் வரமாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அவரவர் எல்லை, அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசிக்கொண்டால் அதிகம்.

எனிட்டின் கிரேவியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எலும்பையும் வெங்காயத்தையும் முதல்நாள் சாயங்காலமே ஏற்றிவிடுவார். மறுநாள் விலா வாட்டிய தட்டில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் சுரண்டி அதில் கரைப்பார். எத்தனையோ வருஷமாயிற்று, இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கு ஊறுகிறது. அந்தக் கிரேவிக்காகவே ஒரு மனுஷன் தன் மாட்டைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வந்து சந்தோஷமாக உட்காரலாம்.

ஒரு வருஷம் பிப்ரவரியில் ஊரைக் காய்ச்சல் பிடித்து ஆட்டியது. எனிட்டும் படுத்தார். அவர் எழுந்து சமைத்த முதல் வியாழக்கிழமை, சுவர் ஜன்னலில் அவர் முகம் தெரிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். உட்கார்ந்தோம். கிரேவி வந்தது. ஊற்றினோம். வாயில் வைத்தோம்.

உப்பு. அப்படி ஓர் உப்பு. எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள். பியூ மீசையை இரண்டு தரம் துடைத்தார். பரிமாறும் பெரில் வழக்கம்போல வந்து கேட்டாள்: "எல்லாம் சரியா இருக்குங்களா?"

"ரொம்ப நல்லாருக்கு, நன்றி" என்றார் பியூ.

"ரொம்ப நல்லாருக்கு" என்றது மேசை முழுவதும், சர்ச்சில் ஆமென் சொல்வதுபோல.

எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சாப்பாடு நன்றாக இல்லை என்று சமைத்தவரிடம் சொல்வதைவிடக் கிணற்றில் குதித்துவிடுவார்கள். என் பக்கத்தில் உட்காரும் ஆல்ஃபிரட் ஹாட்னெட் என்ற கிழவரை ஒரு தரம் காளை முட்டி, விலா எலும்பு போயிற்று. எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "குறைசொல்ல ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்தவர். இப்படிப்பட்ட ஊரில் உப்பு என்று வாயைத் திறப்பது யார்? முதல் வாரம், பாவம், உடம்பு சரியில்லாமல் எழுந்தவர் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது வாரம், போன வாரம் சொல்லவில்லையே, இப்போது எப்படிச் சொல்வது என்று விட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. தட்டுகள் மட்டும் துடைத்த மாதிரி காலியாகத் திரும்பிப் போயின. எனிட் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருப்பார்.

வாயால் சொல்லாதவர்கள் காலால் சொன்னார்கள். வேன் ஓட்டுகிறவனுக்கு இது முதலில் தெரியும். கோதுமைக்கட்டுக்குப் போகிற விலாத் துண்டு மாதாமாதம் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒரு வியாழன் லவ்ரிட்ஜ் சகோதரிகளின் பின்வாசலில் ஹாம் கறி இறக்கப் போனேன். எட்டிப் பார்த்தால், சரிகை விரிப்புப் போட்ட குட்டி மேசைகளில் மூன்று பன்றிப்பண்ணைக்காரர்கள் முழங்காலைத் தாடையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மூவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

"மாத்தத்துக்காக வந்தோம்பா" என்றார் ஒருவர்.

"வயித்துக்கு லேசா இருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்றார் இன்னொருவர். அவர் டாக்டரைப் பார்த்தே வருஷக்கணக்காகியிருக்கும்.

ஸ்டானின் லாரிக் கடைக்கு வெளியே டிராக்டர்கள் நின்றன. மலைமேல் இருந்த கறுப்புக் காளை விடுதியில், மாவுக்குள் கறி வைத்துச் சுடுகிற பை தீர்ந்துபோகிறது என்று கூடுதலாகக் கறி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், மிஸ்டர் லாவ் பன்றித் தோளை இரட்டிப்பாக்கச் சொன்னார். உள்ளே திரைக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு, சிவப்புச் சாறு ஒட்டிய தாடையோடு உட்கார்ந்திருந்தது ஆல்ஃபிரட் ஹாட்னெட். பாவம், அவர் வியாழன் கோதுமைக்கட்டில் ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை இங்கே வந்து ஆறுதல் அடைந்துகொண்டிருந்தார். இனிப்பும் புளிப்பும் போட்ட பன்றிக்கறி. "யார்ட்டயும் சொல்லிராதப்பா க்ளிஃப்" என்றார். நானும் இதுவரை சொல்லவில்லை.

ஜூன் மாதம் பீர் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். காலியான நாற்காலிகளைப் பார்த்தார். செப்டம்பர் கடைசியில் குத்தகை புதுப்பிக்கும் நேரம் வருகிறது, அதற்குள் சாப்பாட்டு அறை பழையபடி நிரம்பாவிட்டால் வேறு இளம் தம்பதிக்குக் கொடுத்துவிடுவோம், அறையைப் பாட்டுப்பெட்டியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் வைத்த கூடமாக மாற்றிவிடுவோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த விடுதி போனால் டிரான்ட்டர்களுக்கு மாடிக் குடித்தனமும் போய்விடும். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

அந்த வார வியாழன் காலை நான் கறியோடு பின்வாசலுக்குப் போனபோது எனிட் வாசல்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா க்ளிஃப், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு."

"கேளுங்க மிஸஸ் டிரான்ட்டர்."

"உங்க மொதலாளி மாடு வாங்கற எடத்த மாத்திட்டாரா?"

"மாத்தலயே."

"கறி முன்ன மாதிரி இல்லப்பா. அதுல சாரமே இல்ல. நானும் எத்தன நேரம் அடுப்புல வச்சுப் பாத்துட்டேன். அதனாலதான் ஜனங்க வரமாட்டேங்கறாங்க. பிரெட்டல்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத, மனசு கஷ்டப்படுவாரு. ஆனா கொஞ்சம் பாத்து அனுப்பச் சொல்லு."

எங்கள் கறியையா சொல்கிறார்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இறக்கிவிட்டு நேரே முற்றத்தைத் தாண்டி நிலவறைக்குப் போனேன். வில்ஃப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வில்ஃப், அவங்க எங்க கறியக் கொற சொல்றாங்க."

"ம்."

"என்ன ம்? உங்களுக்குத் தெரியாதா என்ன விஷயம்னு?"

அவர் பீப்பாயை நிமிர்த்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. அவ காய்ச்சல்லேர்ந்து எழுந்து எனக்கு சூப் வச்சுக் குடுத்தா. ஒரு வாய் குடிச்சேன். நான் கடற்படைல இருந்தவம்ப்பா, கப்பல் முழுகித் தண்ணி குடிச்சிருக்கேன். அதுவே தேவல."

"சொல்லவேண்டியதுதான?"

"மூணு வாரம் சாகக் கெடந்தவ எழுந்து நின்னு சமைச்சுக் கொடுக்கறா. எப்படி இருக்குன்னு கேக்கறா. என்ன சொல்லச் சொல்ற?"

"சரி, மறுநாளு?"

"மறுநாளு சொன்னா, நேத்து நல்லாருக்குன்னியேம்பா."

"இப்ப வீடு போகப்போவுது வில்ஃப்."

"இப்ப சொன்னா, இத்தன மாசமா எங்கிட்டப் பொய் சொன்னியான்னு கேப்பா." அவர் கைத்துணியை எடுத்தார், துடைக்க ஒன்றும் இல்லாததால் பீப்பாயைத் துடைத்தார். "வீடு போனா இன்னொரு வீடு தேடலாம். அவளுக்கு இருக்கறது ஒரே ஒரு பெருமை. கைமணம்னு ஊர் சொல்லுதே, அது. அத நான் எப்படிப்பா எம்வாயால..."

"தினம் அதையேவா சாப்பிடறீங்க?"

"மூணு வேளையும்."

"உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"ராத்திரி எழுந்து தண்ணி குடிக்கறேன்" என்றார். "நீ யார்கிட்டயும் சொல்லிறாத."

எரிச்சலாக வந்தது எனக்கு. கூடவே, சொன்னால் என்ன, அந்த மனுஷன்மேல் ஒரு பிரியமும் வந்தது. எல்லோரும் என்னிடம் சொல்லாதே சொல்லாதே என்கிறார்களே, இந்த ஊரில் வாய் இருப்பது பேசுவதற்கும்தானா, தின்பதற்கு மட்டும்தானா என்று முனகிக்கொண்டே வேனை எடுத்தேன்.

கோடை போயிற்று. பீருக்குக் கசப்பு ஏற்றும் ஹாப்ஸ் கொடிகளை அறுத்தார்கள், ஊர் முழுக்க அந்தக் கசப்பு வாசனை. வேலியோரமெல்லாம் டாம்சன் பழம் கறுத்துத் தொங்கியது. செப்டம்பரின் கடைசிக்கு முந்தைய வியாழன். மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது. அந்த நீள மேசையில் நாங்கள் ஏழே பேர், பல்விழுந்த வாய் மாதிரி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் பீர் கம்பெனிக்காரர் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம்.

விலாவும் கிரேவியும் வந்தன. பியூ அரிந்தார். நாங்கள் ஊற்றினோம். பெரில் தண்ணீர் ஜாடியோடு வந்து ஊற்றிவிட்டுப் போனாள். திரும்ப நிரப்பி வந்தாள். மூன்றாம் தரம் அவள் சமையலறைக் குழாயில் ஜாடியைப் பிடித்தபோது உள்ளே எனிட்டின் குரல் கேட்டது.

"யாருக்குடி இவ்வளவு தண்ணி?"

"மேசைக்குத்தாங்க."

"எல்லாரும் பீர் குடிக்கலயா?"

"அதையும் குடிக்கறாங்க."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. எனிட் வந்து நின்றார், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி. சாப்பாட்டு நேரத்தில் அவர் அந்த அறைக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. மேசையில் இருந்த ஏழு கிளாஸ் தண்ணீரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஹாட்னெட் ஐயா எப்போலேர்ந்து தண்ணி குடிக்க ஆரம்பிச்சாரு?"

ஹாட்னெட் கையில் இருந்த கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "வெயில் ஜாஸ்திங்க" என்றார். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

எனிட் சிரிக்கவில்லை. "நான் உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "பிப்ரவரி காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசன தெரியல. நாக்கும் செத்துப்போச்சு. உப்புத் தெரியல, சக்கர தெரியல, எதுவும் தெரியல. வரும் வரும்னு பாத்தேன். வரல. யார்ட்டயும் சொல்லல. சமைக்கறவளுக்கு நாக்கு இல்லன்னா வெளிய சொல்லிக்க முடியுமா? கை பழகின கைதானேன்னு போட்டேன். போட்டமான்னு சந்தேகம் வரும், இன்னொரு வாட்டி போடுவேன். தட்டு காலியா வந்துச்சு. நீங்களும் நல்லாருக்குன்னீங்க. அப்ப சரியாத்தான் இருக்குன்னு நெனச்சேன். இப்ப கேக்கறேன். கிரேவி எப்படி இருக்கு?"

இதைவிட வெளிப்படையாக ஒரு மனுஷி கேட்க முடியாது. பியூ எழுந்தார். ஊரில் எல்லோரையும்விட உரக்கப் பேசுகிற தொண்டை அவருடையது. "மிஸஸ் டிரான்ட்டர், உங்களுக்கு உடம்பு இப்படி ஆனதக் கேட்டு ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். நிறுத்தினார். "கிரேவி ரொம்ப நல்லாருக்கு."

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றார்கள் மற்றவர்கள். நானும் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எனிட் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தண்ணீருக்குள் இருப்பவர் கரையில் நிற்பவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது. ஏப்ரனைக் கழற்ற முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனார். அதைக் கழற்றிவிட்டால் அவர் மறுபடி கட்டமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"உப்பு, எனிட்."

பீர்க்கூடத்து வாசலில் வில்ஃப் நின்றார். கையில் கிளாஸ், துணி.

"என்ன?"

"கிரேவில உப்பு."

"எவ்வளவு?"

"வாய்ல வைக்க முடியாத அளவு."

எனிட்டின் கை முடிச்சிலேயே நின்றது. "எப்போலேர்ந்து?"

"நீ எழுந்து சூப் வச்ச அன்னிலேர்ந்து."

"நீ தெனம் சாப்பிட்டியே."

"சாப்பிட்டேன்."

"நல்லாருக்குன்னியே."

"மொத நாள் சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்தறதுன்னு தெரியல." அவர் காய்ந்த கிளாஸை மறுபடி துடைத்தார். "வீடு போனாலும் பரவால்லன்னு இருந்தேன். இப்ப நீ நின்ன நிலயப் பாத்து முடியல."

நாங்கள் ஏழு பேரும் தட்டில் எதையோ தொலைத்தவர்கள்போலத் தேடிக்கொண்டிருந்தோம். கணவன் மனைவி வீட்டு விஷயம் பேசுவதை இத்தனை பேர் முன்னால் கேட்பது எங்களுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

எனிட் முடிச்சை விட்டார். மேசையிலிருந்த கிரேவிக் கிண்ணத்தை எடுத்தார். "உள்ள வா" என்றார் வில்ஃபிடம்.

"நானா?"

"வேற யாரு? உனக்கு நாக்கு இருக்குல்ல?"

வில்ஃப் கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். கதவு மூடியது. எலும்புச் சாறு மிச்சம் இருந்திருக்க வேண்டும், பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சுவர் ஜன்னல் முழுதாக மூடியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"இப்ப?"

"சப்புன்னு இருக்கு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா எவ்வளவு? ஒழுங்கா சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ முன்ன வைப்பியே, அது மாதிரி இல்ல."

"முன்ன எப்படி இருந்துச்சு?"

கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வில்ஃப் சொல்ல ஆரம்பித்தார். முதலில் வெங்காயத்தின் தித்திப்பு வரும், அப்புறம் கறியின் கருகல் வரும், அதுக்கப்புறம்தான் உப்பு வரும், கடைசியில் தொண்டையில் ஒரு மிளகு நிற்கும், அந்த மிளகோடு ஒரு மடக்கு பீர் குடித்தால் அன்றைய தினம் நல்லபடி போய்விடும் என்றார். அந்த மனுஷன் ஒரு மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

"இதெல்லாம் நீ எங்கிட்டச் சொன்னதே இல்ல" என்றார் எனிட்.

"நல்லாருக்குன்னு சொல்வேன்ல."

விலா ஆறிப்போயிற்று. சந்தையில் மதிய ஏலத்துக்கு மணி அடித்தார்கள். ஏலக்காரர் இங்கே உட்கார்ந்திருந்தார், அசையவில்லை. மாடுகள் காத்திருக்கட்டும் என்றார்.

கடைசியில் கதவு திறந்தது. எனிட் கிண்ணத்தோடு வந்தார். பின்னால் வில்ஃப், தாடையில் கிரேவியோடு.

"இப்ப ஊத்திக்கோங்க" என்றார் எனிட். "ஒவ்வொருத்தரா சொல்லணும். நல்லாருக்குன்னு சொல்றவங்க எழுந்து வெளிய போயிரலாம்."

பியூ ஒரு வாய் வைத்தார். அவருக்கு வியர்த்தது. "மிளகு... இன்னும் ஒரு துளி போடலாமோன்னு..."

"நன்றி" என்றார் எனிட்.

அடுத்தவர் கொஞ்சம் நீர்த்திருக்கிறது என்றார். எனிட் நன்றி என்றார். கொழுப்பு மிதக்கிறது என்றார் ஒருவர். நன்றி. என் முறை வந்தபோது, வெங்காயம் இன்னும் சிவந்திருக்கலாம் என்றேன், உயிரே போய்விடும்போல இருந்தது. நன்றி. அப்படியே வந்து ஹாட்னெட்டிடம் நின்றது. கிழவர் கிரேவியைத் தொடவே இல்லை. தட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க ஹாட்னெட் ஐயா."

"கிரேவி இல்லீங்க." அவருக்குக் காது சிவந்தது. "முட்டக்கோஸு."

"முட்டக்கோஸுக்கு என்ன?"

"அது கொஞ்சம்... ரொம்ப நேரம் வெந்துட்டமாதிரி..."

"அதுல நான் உப்பே ஜாஸ்தி போடலயே. காய்ச்சலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அது நான் எப்பவும் வைக்கற மாதிரிதான் வச்சிருக்கேன்."

"ஆமாங்க" என்றார் ஹாட்னெட். "எப்பவும் அப்படித்தான் வைக்கறீங்க."

பியூ கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்பவும்னா?"

"போர் முடிஞ்சு நீங்க வந்தீங்கள்ல. அன்னிலேர்ந்து."

எனிட் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். "வில்ஃப்?"

வில்ஃப் துடைப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார். கிளாஸ் என்னிடம் இருந்தது. "எனக்கும் அது எறங்காது எனிட்" என்றார்.

எனிட் ஒரு நாற்காலியை இழுத்தார். செத்துப்போன யாரோ ஒரு விவசாயியின் மகன் வராமல் விட்ட நாற்காலி. ஹாட்னெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தட்டிலிருந்த முட்டைக்கோஸ் அத்தனையையும் தன் பக்கம் தள்ளிக்கொண்டு, முள்கரண்டியால் எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

"நீங்க குடுத்துவச்சவங்க" என்றார் ஹாட்னெட்.

ஒரு கணம் அவர் என்ன சொன்னார் என்பதே யாருக்கும் உறைக்கவில்லை, அவருக்கே உறைக்கவில்லை. அப்புறம் எனிட் சிரித்தார். முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வில்ஃப் வந்து அவர் தோளில் கையை வைத்தார். நாங்கள் ஏழு பேரும் வேறு பக்கம் பார்த்தோம், அந்த அளவுக்காவது எங்களுக்கு மரியாதை தெரியும்.

சாப்பிடாதே என்று காதோடு காதாகச் சொன்ன அதே வாய்கள் இந்தச் செய்தியையும் பரப்பின. அடுத்த வியாழன் பாதி மாவட்டம் வந்துவிட்டது. லவ்ரிட்ஜ் சகோதரிகள்கூடக் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள் என்று சொன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் குறைசொல்லலாம், சொன்னால் நன்றி கிடைக்கும் என்றால் எங்கள் ஜனங்கள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வருவார்கள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்தார்கள். பீர் கம்பெனிக்காரருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டுவிட்டு, குத்தகையை நீட்டித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனிட்டுக்கு நாக்கு திரும்பவே இல்லை. பல வருஷம் வில்ஃபின் நாக்கை வைத்துக்கொண்டுதான் சமைத்தார். பீர்க்கூடத்தைக் காலையில் பெரில் பார்த்துக்கொண்டாள். நான் கறியோடு பின்வாசலுக்குப் போகும்போதெல்லாம் உள்ளே இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் நின்று, உப்பு போதும், போதாது, நீ நேத்து வேற மாதிரி சொன்ன, நேத்து வெங்காயம் வேற, என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். சில நாள் நான் கதவைத் தட்டாமல், கறியைக் கையில் பிடித்தபடி, அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கு முன்பு எத்தனையோ வருஷம் அந்தப் பின்வாசலுக்குப் போயிருக்கிறேன், அந்த வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டதே இல்லை.